ஆங்கிலத்தின் எளிய சொற்களே ஏன் கடினமாக இருக்கின்றன? ஒரு சொல், பல பொருள்

சீனாபுரத்தான் (பெருந்துறை)

எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அரிய சொற்களால் வரும் தொல்லை குறைவு. 'ஆக்சிஜன்' என்ற சொல்லை ஒருமுறை கற்றுவிட்டால், அது எந்தப் பக்கத்தில் வந்தாலும் அதே பொருளில்தான் நிற்கும். ரன், டேக், கெட், புட், செட், ஃபாஸ்ட் என்று மூன்றாம் வகுப்பிலேயே 'தெரியும்' என முடித்துவிட்ட சொற்கள்தாம் அவர்களைத் தடுக்கி விழச் செய்கின்றன. குறிப்பேட்டில் இடப்பக்கம் 'ரன்', வலப்பக்கம் 'ஓடு' என்று எழுதி வைத்திருக்கும் பிள்ளை, 'ஹி ரன்ஸ் எ மில்' என்ற வாக்கியத்தை 'அவர் ஓர் ஆலையை ஓடுகிறார்' என்று மொழிபெயர்க்கிறது. பிள்ளை நாம் கொடுத்த பட்டியலை நம்பியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

இந்தச் சொற்களின் பரப்பு எவ்வளவு என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியே சான்று. 1928இல் முற்றுப்பெற்ற முதற்பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்ற சொல் 'செட்'. 1989இன் இரண்டாம் பதிப்பிலும் அந்த இடம் அதற்கே இருந்தது. பின்னர் திருத்திய பதிப்புக்காக 'ரன்' என்ற வினையை ஆராய்ந்தவர்கள் அதற்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்தறிந்ததாக 2011இல் செய்தி வந்தது. இத்தனையையும் பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய எவராலும் இயலாது. ஆங்கிலேயரும் அப்படிக் கற்பதில்லை.

பல பொருள் குறித்த ஒரு சொல்லை எப்படி அறிவது என்ற கேள்விக்குத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் விடை வைத்திருக்கிறார். வினை, இனம், சார்பு ஆகிய மூன்றினால் பொருள் தெளியும் என்பது அவர் சொல்வது. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லைக் கொண்டு இதை விளக்குவார்கள். 'மா பூத்தது' என்றால் பூத்தல் என்ற வினையால் அது மரம் என்று தெரிகிறது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் உடன் நிற்கும் மருது என்ற இனத்தால் மரம் என்று தெரிகிறது. கவசம் அணிந்து நிற்பவன் 'மா கொண்டு வா' என்றால், அவன் நிற்கும் நிலையாகிய சார்பினால் அது குதிரை என்று தெரிகிறது. ஆங்கிலத்தின் பல பொருள் சொற்களையும் இதே மூன்று கேள்விகளைக் கேட்டே நம் பிள்ளைகள் படிக்கலாம் என்பது என் கருத்து. உறுப்பினர்கள் தங்கள் தொழிலில் புழங்கும் சொற்களைக் கொண்டு இது பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டுகிறேன்.

அமராவதிக்கரை (தாராபுரம்)

ஐயா, என் மகள் எட்டாம் வகுப்பு. நீங்கள் சொல்வது சரியாகவே தோன்றுகிறது. ஆனால் தேர்வில் சொல்லுக்கு நேரே பொருள் எழுதச் சொல்கிறார்கள், வாக்கியத்தைப் பார்த்து யோசிக்கச் சொல்வதில்லை. எந்தப் பொருளை முதலில் சொல்லிக் கொடுப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்று வீட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழி வேண்டும்.

பேரூர் வாசகி (கோவை)

கல்லூரியில் ஆங்கிலமும் மொழியியலும் நடத்துகிறவள் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன், ஒரு திருத்தமும் உண்டு.

எளிய சொற்களுக்கே பொருள் மிகுதி என்பது தற்செயல் அன்று. ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1945இல், ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை அச்சொல் பயிலும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி உயர்கிறது என்று காட்டினார். ஒரு சொல் மற்றொன்றைவிட நூறு மடங்கு அதிகமாகப் பயின்றால் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமான பொருள்களைச் சுமக்கிறது. ஆகவே 'அடிப்படைச் சொற்கள் இத்தனை தெரிந்தால் போதும்' என்று சொல்லும் பட்டியல்களை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். ஆக்டன் என்பவர் 1930இல் 850 சொற்களைக் கொண்டு 'பேசிக் இங்கிலீஷ்' என்ற சுருக்க மொழியை அமைத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே. கம், கெட், கிவ், கோ, கீப், மேக், புட், டேக் போன்ற அந்தப் பதினெட்டும் பிற சிறு சொற்களோடு கூடி ஏனைய வினைகளின் வேலை முழுவதையும் செய்தாக வேண்டியிருந்ததால், சொற்களின் எண்ணிக்கை குறைந்ததே தவிரக் கற்கவேண்டிய பொருள்கள் குறையவில்லை.

தாராபுரம் சகோதரியின் கேள்விக்கு நேரான விடை இருக்கிறது. நாடு பிரியும் முன் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், இந்த நாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும் முறையை நேரில் கண்டவர். அவர் 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் உள்ளன. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் ஒவ்வொரு பொருளும் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்பதை, 50 லட்சம் சொற்கள் கொண்ட எழுத்துத் தொகுப்பிலிருந்து எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கு அறுபது முறை வரும் பொருளை முதலில் கற்பிப்பதும், நூற்றுக்கு ஒன்றாக வருவதை ஒத்திவைப்பதும் எளிய அறிவே. ஆனால் நம் உள்ளுணர்வை நம்பி இந்த வரிசையைப் போட முடியாது. 'பேக்' என்றால் நாம் முதலில் முதுகு என்போம். 1987இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேரின் குழு கணினியில் தொகுத்த எழுத்துகளைக் கொண்டு கோபில்டு அகராதியை உருவாக்கிய காலத்தில், 'கம் பேக்', 'கோ பேக்' என்பவற்றில் வரும் 'திரும்ப' என்ற பொருளே மிகுதி என்று தெளிவாயிற்று.

இனி திருத்தம். தொல்காப்பியர் 'மா' போன்ற பெயர்ச்சொற்களைப் பற்றிப் பேசுகிறார். பெயரின் பொருளை வினை தெளிவாக்குகிறது. ஆங்கிலத்தில் நம்மைக் குழப்புபவை பெரும்பாலும் வினைகள். அங்கே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். 'எது ரன் ஆகிறது, எதை ரன் செய்கிறார்கள்' என்று எழுவாயையும் செயப்படுபொருளையும் கேட்க வேண்டும். மோட்டார் ரன் என்றால் ஓடுகிறது. மூக்கு ரன் என்றால் ஒழுகுகிறது. சாலை ஊர் வழியே ரன் என்றால் செல்கிறது. கடையை ரன் செய்கிறார் என்றால் நடத்துகிறார். தேர்தலில் ரன் என்றால் போட்டியிடுகிறார். தமிழின் 'ஓடு' இவற்றில் சிலவற்றைத் தானே ஏற்கும். மோட்டாரும் ஓடும், திரையரங்கில் படமும் ஓடும், வியாபாரமும் ஓடும். எந்த இடத்தில் இரண்டு மொழிகளும் பிரிகின்றன என்பதைத்தான் வகுப்பில் சொல்ல வேண்டும். ஒத்துப்போகும் இடங்களைப் பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்ளும்.

பின்னலூர் (திருப்பூர்)

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பையர்களின், அதாவது வெளிநாட்டுக் கொள்முதல்காரர்களின், மின்னஞ்சலைப் படித்து, அதைச் சாயப்பட்டறைக்கும் துணி பின்னும் நிட்டிங்குக்கும் தைக்கும் பிரிவுக்கும் சொல்லி அனுப்புவது என் வேலை. எனவே இந்த விவாதம் எனக்குச் சோற்றுக்கான விவாதம்.

எங்கள் ஊரில் 'ரன்' என்ற சொல்லுக்குப் பேரூர் அம்மா சொல்லாத இன்னொரு பொருள் உண்டு. சாயம் இறங்குவதை 'கலர் ரன்' என்பார்கள். துவைக்கும்போது சிவப்பு உடல்துணியிலிருந்து வெள்ளைக் காலருக்குச் சாயம் பரவினால் அதுதான் ரன். பின்னப்பட்ட துணியில் ஒரு கண்ணி அறுந்து ஏணிபோல நீளமாகப் பிரிந்து இறங்கினால் அதுவும் ரன். உற்பத்தியில் ஒரே வகையைத் தொடர்ந்து போடுவதும் ரன். மூன்றும் ஒரே நாளில் ஒரே ஆர்டரைப் பற்றிய மின்னஞ்சல்களில் வரக்கூடும். கடிதத்தின் தலைப்பில் சாய ஆய்வறிக்கை என்று இருந்தால் முதலாவது, துணிக் குறைபாடு என்று இருந்தால் இரண்டாவது, அட்டவணை என்று இருந்தால் மூன்றாவது என்று பார்த்தவுடன் பிரித்துவிடுவோம். ஐயா சொன்ன சார்பு இதுதான் என்று எண்ணுகிறேன்.

சாயம் இறங்காமல் நிற்பதற்குச் சொல் 'ஃபாஸ்ட்'. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் 'ஃபாஸ்ட் கலர்' என்றால் வேகமாகப் போய்விடும் சாயம் என்று நேர்மாறாகப் புரிந்துகொள்கிறார்கள். பள்ளியில் அவர்கள் கற்றது 'ஃபாஸ்ட் என்றால் வேகம்' என்ற ஒரே வரி. ஐ.எஸ்.ஓ. 105 என்ற தர வரிசைப்படி துவைப்புக்கு 1 முதல் 5 வரையும், வெளிச்சத்துக்கு 1 முதல் 8 வரையும் மதிப்பெண் போடுவார்கள். எண் கூடினால் சாயம் உறுதியாக நிற்கிறது என்று பொருள். இந்த அறிக்கையைத் தவறாகப் படித்தால் பட்டறைக்காரரிடம் வீண் சண்டை வரும். ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்பதன் பழைய பொருளே 'உறுதியாக, அசையாமல்' என்பது. 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் வேகமான தூக்கம் அன்று, அசையாத தூக்கம். வேகம் என்ற பொருள் பின்னால் வந்தது. நோன்பிருத்தலைக் குறிக்கும் ஃபாஸ்ட்டும், ஒரு விதியை உறுதியாகப் பிடித்தல் என்ற அதே வேரிலிருந்து கிளைத்தது என்று சொல்கிறார்கள். இந்த ஒரு வேரைச் சொல்லிக் கொடுத்தால் புதிய பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. ஆகவே பட்டியலுக்குப் பதிலாகச் சொல்லின் மூலப்பொருளை, அதாவது வேர்ப்பொருளை, கற்பிக்கலாம் என்பது என் கருத்து.

கதிர்நூல் (சோமனூர்)

திருப்பூர் தம்பி சொன்ன மூலப்பொருள் முறைக்கு நூற்பாலையிலிருந்து இன்னொரு சான்று தருகிறேன். 'ட்ராஃப்ட்' என்ற சொல் எங்கள் ஆலையில் உருளைகளுக்கு நடுவே பஞ்சுத் திரியை இழுத்து மெல்லியதாக்குவதைக் குறிக்கும். அலுவலகத்தில் அதே சொல் கடிதத்தின் முதல் வடிவம். வங்கியில் அது பணம் பெறும் சீட்டு. வண்டியில் பூட்டும் மாட்டையும் ஆங்கிலத்தில் 'ட்ராஃப்ட்' மாடு என்பார்கள், அமெரிக்காவில் படைக்குக் கட்டாயமாக ஆள் சேர்ப்பதற்கும் அதே சொல். இழுத்தல் என்ற ஒன்றே எல்லாவற்றுக்கும் அடி. திரியை இழுக்கிறோம், மாடு வண்டியை இழுக்கிறது, வங்கியிலிருந்து பணத்தை இழுக்கிறோம், ஊரிலிருந்து ஆளை இழுக்கிறார்கள். இதை விளக்கியபின் எங்கள் பயிற்சியாளர்கள் அந்தச் சொல்லை மறப்பதில்லை.

'கவுண்ட்' அப்படி எளிதன்று. 40 கவுண்ட் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் 40 இருக்கும் என்று பொருள். எண் கூடினால் நூல் தடிக்கும் என்று புதியவர்கள் எண்ணுவார்கள், உண்மையில் மெலியும். எண்ணுதல் என்ற பொருள் தெரிந்திருந்தும் இங்கே எதை எண்ணுகிறோம் என்று தெரியாவிட்டால் பயனில்லை.

இடையே ஒன்று. இந்த விவாதத்தைத் தொடங்கியவர் சீனாபுரத்துக்காரர். நன்னூல் செய்த பவணந்தியாரின் ஊராக அந்நூற் பாயிரம் சொல்லும் சனகை சீனாபுரமே என்பது எங்கள் பக்கத்து அறிஞர்கள் கொள்கை. நூல் செய்யும் முறைக்குப் பவணந்தியார் நூற்பையே உவமையாக்கினார். சொல்லே பஞ்சு, பனுவலே இழை, புலவனே நூற்கும் பெண், வாயே கை, அறிவே கதிர் என்று அவர் அடுக்கியதை ஆலையில் வேலை செய்யும் எவரும் ஒரு தடவை படித்தால் விடமாட்டார்கள். நமக்கு 'நூல்' இழையும் ஏடும் ஆவதுபோல, ஆங்கிலத்தில் 'யார்ன்' இழையும் நீண்ட கதையும் ஆகிறது.

பேரூர் வாசகி (கோவை)

இருவரும் தந்த சான்றுகள் அருமையானவை. ஆயினும் மூலப்பொருளை ஒரு பொதுமுறையாக ஆக்குவதை நான் ஏற்கவில்லை.

முதலாவதாக, ஒரே எழுத்தில் நிற்பவை எல்லாம் ஒரே சொல் அல்ல. ஆற்றின் 'பேங்க்' வட ஐரோப்பிய வேருடையது. பணம் வைக்கும் 'பேங்க்' இத்தாலியில் காசு மாற்றுவோர் வைத்திருந்த பலகையின் பெயரிலிருந்து வந்தது. சோமனூர் ஐயாவின் 'கவுண்ட்' எண்ணுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது; ஐரோப்பியப் பிரபுவைக் குறிக்கும் 'கவுண்ட்' துணைவன் என்ற வேறு லத்தீன் சொல்லின் வழி வந்தது. இத்தகைய சொற்களுக்கு இடையே நேரடி உறவு தேடும் மாணவர்கள் கற்பனையாக ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள், அது பின்னால் இடர் தருகிறது. ஒரு சொல்லின் பொருள்கள் கிளைத்துப் பெருகுவதற்கு பிரெயால் என்ற பிரெஞ்சு அறிஞர் 1897இல் தனிப்பெயர் இட்டதும், தற்செயலாக ஒலியொத்து நிற்கும் வெவ்வேறு சொற்களிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்க உதவியது.

இரண்டாவதாக, வேரறிவு வளர்ந்தவர்களுக்கு உதவும். தொழில் தெரிந்த உங்கள் பயிற்சியாளருக்கு இழுத்தல் என்பது கண்முன் நடப்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வங்கி ட்ராஃப்ட்டும் தெரியாது, நூற்கும் இயந்திரமான ரிங் ஃபிரேமும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு வேர் மேலும் ஒரு சுமை.

மூன்றாவதாக, வேர் எதுவும் கைகொடுக்காத பெரும்பரப்பு ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவை, 'புட் அவுட்' என்றால் அணை, 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். இவற்றில் 'வை' என்பதைத் தேடினால் கிடைக்காது. இவற்றைப் 'புட்' என்ற சொல்லின் பொருள்களாக எண்ணாமல் தனித்தனிச் சொற்களாகவே கற்பிக்க வேண்டும்.

சீனாபுரத்தான் (பெருந்துறை)

பேரூர் அம்மாவின் மூன்றாவது கருத்தை முழுமையாக ஏற்கிறேன். அதைப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்கத் தமிழே துணை நிற்கிறது. 'கண்டுபிடி' என்பதில் காணுதலும் பிடித்தலும் தனித்தனியே இல்லை. 'போட்டுக்கொடு' என்றால் ஒருவனைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லி மாட்டிவிடுதல்; அதில் போடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. தமிழில் இப்படி இருக்கிறது என்று முதலில் காட்டிவிட்டு 'புட் ஆஃப்' பக்கம் போனால், ஆங்கிலம் வேண்டுமென்றே தங்களை ஏமாற்றுகிறது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வருவதில்லை.

அதேபோல 'டேக் எ பாத்', 'ஹேவ் எ லுக்' என்பவற்றில் வினை தன் பொருளை ஏறக்குறைய இழந்து, பின்வரும் பெயருக்குத் தாங்கலாக மட்டும் நிற்கிறது. நம் வீடுகளில் 'ஒரு தூக்கம் போட்டேன்', 'குளியல் போட்டேன்' என்கிறோம். அங்கே 'போடு' செய்யும் வேலையைத்தான் 'டேக்' செய்கிறது. சோறு போடு, சட்டை போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, குட்டி போடு, தார்ச்சாலை போடு என்று 'போடு' ஒன்றையே பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வேறு சொல் தரச் சொல்லிவிட்டுப் பிறகு 'கெட்' என்ற சொல்லை எடுத்தால் வகுப்பே விறுவிறுப்பாக நடக்கிறது.

சார்பு என்பதில் இடமும் அடங்கும் என்பதற்கு நம் 'காடு' போதும். கொங்கு நாட்டில் காடு என்பது மழையை நம்பி விதைக்கும் நிலம், தோட்டம் என்பது கிணற்றுப் பாசனம், வயல் என்பது வாய்க்கால் பாசனம். 'அப்பா காட்டுக்குப் போயிருக்கிறார்' என்று நம் பிள்ளை சொன்னால் வெளியூர் ஆசிரியர் வனம் என்று நினைப்பார். 'கார்ன்' என்ற சொல் அமெரிக்காவில் மக்காச்சோளம்; இங்கிலாந்தில் அது பொதுவாகத் தானியம், குறிப்பாகக் கோதுமை. வரலாற்றுப் பாடத்தில் 1815 முதல் 1846 வரை இங்கிலாந்தில் இருந்த 'கார்ன்' சட்டங்கள் வருகின்றன. கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் வாங்கும் நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் அவற்றை மக்காச்சோளச் சட்டங்கள் என்று படித்தால், ரொட்டி விலைக்காக நடந்த அந்தப் போராட்டமே அவர்களுக்குப் புரியாது.

தொல்காப்பியர் சொன்னதில் இரண்டாம் பாதியை நான் முதற்பதிவில் சேர்க்காமல் வைத்திருந்தேன். வினையாலும் வேறுபடாத பல பொருள் ஒரு சொல் வந்தால் அதைக் கிளந்து, அதாவது இன்னதென்று வெளிப்படக் கூற வேண்டும் என்கிறார். முற்பாதி படிப்பவனுக்கு, பிற்பாதி எழுதுகிறவனுக்கு. இதைப் பற்றித் தொழில் செய்வோர் பேசினால் நன்று.

கூடுதுறை (பவானி)

வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணங்கள் தயாரிப்பவன் நான். கிளந்து கூறுதல் எங்கள் தொழிலின் உயிர்.

'கன்சிடரேஷன்' என்றால் பொதுவாகக் கருத்தில் கொள்ளுதல். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அது ஒப்பந்தத்துக்கு ஈடாகக் கிடைக்கும் மறுபயன். அது இல்லாத உடன்படிக்கை, சில விலக்குகள் நீங்கலாக, செல்லாது என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. நிலம் விற்க வந்த ஒருவரிடம் இந்தச் சொல்லை 'பரிசீலனை' என்று மொழிபெயர்த்துச் சொன்னால், பணம் வாங்காமலே கையெழுத்திட்டுவிட நேரும். 'எக்சிக்யூட்' என்ற சொல்லுக்கு மரண தண்டனை நிறைவேற்றுதல் என்று செய்தித்தாளில் பொருள். பத்திரத்தில் 'எழுதிக் கொடுத்தல்'. 'இன்ஸ்ட்ருமென்ட்' இங்கே கருவியன்று, ஆவணம்.

சட்டம் இயற்றுவோர் இந்த இடரை அறிந்தே பெரும்பாலான சட்டங்களின் தொடக்கத்தில் சொற்பொருள் விளக்கப் பிரிவை வைக்கிறார்கள். 1897ஆம் ஆண்டு பொதுப் பிரிவுகள் சட்டம் எல்லா மையச் சட்டங்களுக்குமான பொது விளக்கங்களைத் தருகிறது. அங்கேயும் பொருளுக்கோ சூழலுக்கோ முரணாக இல்லாதவிடத்து என்ற நிபந்தனை இருக்கிறது. கிளந்து சொன்ன பிறகும் சார்புக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள் என்பதைத் தொல்காப்பியத்தோடு வைத்துப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

பின்னலூர் (திருப்பூர்)

கிளந்து சொல்ல வேண்டிய சொற்களின் சிறு தொகுதி என் மேசையில் எப்போதும் இருக்கிறது.

மிகவும் ஆபத்தானது 'பைவீக்லி'. வாரம் இருமுறை என்றும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றும் அகராதிகளே இரு பொருளும் தருகின்றன. பக்கத்துச் சொல், இனம், சூழல் எதுவும் இதைத் தெளிவாக்காது. சரக்கு அனுப்பும் அட்டவணையில் இச்சொல் வந்தால், கிழமையையும் தேதியையும் எழுதித் திரும்ப உறுதி கேட்காமல் நான் ஒரு பீஸ் கூடத் திட்டமிடுவதில்லை. 'டேபிள்' என்ற வினையும் அப்படித்தான். ஒரு கருத்தை டேபிள் செய்வோம் என்று பிரிட்டன்காரர் எழுதினால் இப்போதே விவாதிக்கலாம் என்று பொருள். அமெரிக்கர் எழுதினால் இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்று பொருள். இரண்டாம் உலகப்போரின்போது இந்தச் சொல்லை வைத்தே இரு நாட்டு அதிகாரிகளுக்கிடையே நீண்ட வாக்குவாதம் நடந்ததைச் சர்ச்சில் தம் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். சாம்பிளைப் பார்த்துவிட்டு 'க்வைட் குட்' என்று லண்டன் பையர் எழுதினால் அது பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற அளவே. அமெரிக்கரிடமிருந்து வந்தால் நல்ல பாராட்டு.

நம் பக்கத்துச் சொல்லும் ஒன்று உண்டு. 'ஐ வில் ரிவர்ட்' என்றால் பதில் அனுப்புகிறேன் என்று நாம் எழுதுகிறோம். பழைய நிலைக்குத் திரும்புதல் என்ற பொருளை மட்டும் அறிந்த பையர், ஒப்புக்கொண்ட மாற்றத்தைக் கைவிடப் போகிறோமோ என்று அஞ்சுவார். நம் வழக்கு தவறு என்று நான் சொல்லவில்லை. நமக்குள் எழுதும்போது அது நன்றாகவே விளங்குகிறது. வெளியே போகும் கடிதத்தில் 'ரிப்ளை' என்றே எழுதுங்கள் என்று எங்கள் பிரிவில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நிரலி (சரவணம்பட்டி)

கணினி மொழிபெயர்ப்பிலும் இதே சிக்கல்தான் முதல் தடையாக இருந்தது. பார்-ஹில்லெல் என்ற அறிஞர் 1960இல் ஓர் எளிய வாக்கியத்தைக் காட்டி, இதை எந்தக் கணினியும் சரியாகப் பெயர்க்காது என்று வாதிட்டார். ஒரு சிறுவன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான். பெட்டி 'பென்'னுக்குள் இருக்கிறது. 'பென்' என்றால் எழுதுகோலும் ஆகும், குழந்தை விளையாட அமைத்த அடைப்பும் ஆகும், ஆட்டுப்பட்டியும் ஆகும். பெட்டி எழுதுகோலுக்குள் அடங்காது என்ற உலக அறிவு இருந்தால்தான் பொருள் தெரியும். இன்றைய நிரல்கள் ஏராளமான எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லைச் சுற்றியுள்ள சொற்களுக்கெல்லாம் எடை போட்டுப் பொருளைத் தீர்மானிக்கின்றன. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளால் அறிக என்று ஆங்கில மொழியியலாளர் ஃபர்த் 1957இல் சொன்னதைத்தான் அவை செய்கின்றன. லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது.

அமராவதிக்கரை (தாராபுரம்)

எல்லோருக்கும் நன்றி. பேரூர் அம்மா சொன்னபடி அதிகம் வரும் பொருளை முதலில் வைத்து, மகளின் குறிப்பேட்டில் சொல்லுக்குப் பதிலாகச் சிறு சிறு வாக்கியங்களாக எழுதத் தொடங்கிவிட்டோம். பாடத்தில் ஒரு வாக்கியம் நிற்கிறது: 'தி வெல் ஹேஸ் ரன் டிரை.' கிணறு வற்றிவிட்டது என்று சூழலால் தெரிகிறது. ஆனால் கிணறு எங்கே ஓடியது என்று மகள் கேட்கிறாள். எழுவாயைப் பார், செயப்படுபொருளைப் பார் என்றீர்கள்; இங்கே எழுவாயால் மட்டும் விளங்கவில்லையே?

 

சீனாபுரத்தான் (பெருந்துறை)

நல்ல கேள்வி அம்மா, மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். இங்கே 'ரன்' என்பதற்குப் பின்னால் நிற்கும் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். 'டிரை' என்பது பெயருமில்லை, 'அப்', 'அவுட்' போன்ற சிறு சொல்லுமில்லை. அது நிலையைக் குறிக்கும் பண்புச்சொல். 'ரன்' என்பதற்குப் பின் இப்படிப் பண்புச்சொல் வந்தால் பெரும்பாலும் 'ஆகு' என்ற பொருள் வரும். 'ரன் டிரை' வறண்டுபோதல், 'ரன் லோ' குறைந்துபோதல், 'ரன் ஷார்ட்' பற்றாமற் போதல், 'ரன் ஹை' மேலோங்குதல். நாம் 'வறண்டு போயிற்று', 'குறைந்து போயிற்று' என்கிறோம் அல்லவா, அங்கே கிணறு எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. 'கோ' என்ற வினைக்கும் இதே பழக்கம் உண்டு: 'கோ பேட்' என்றால் கெட்டுப்போதல், 'கோ பிளைண்ட்' என்றால் பார்வை போதல். இந்த ஆறு வாக்கியங்களையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். 'ரன் அவுட்' மட்டும் இந்தப் பக்கத்தில் வேண்டாம். அதைப் 'புட் ஆஃப்' இருக்கும் பக்கத்தில் சேர்த்து, தீர்ந்துபோதல் என்று எழுதட்டும். கிரிக்கெட்டில் வரும் 'ரன் அவுட்' வேறு என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.